அவரே பேச வேண்டும்

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன் சிவப்பு வரிசையைத் துடைத்துவிட வேண்டும் என்பது சாவியக்காவின் வைராக்கியம். அன்று வெள்ளிக்கிழமை வேறு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அலுவலகம் கிடையாது. சிவப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுடைய உண்மைப் பெயரை அந்த அலுவலகத்தில் சம்பளம் போடுபவரைத் தவிர யாரும் சொல்வதில்லை. மென்பொருள் விற்கும் கம்பெனி அது. கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்க்க ஒன்று, வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் போட ஒன்று, இன்னும் இரண்டு மூன்று. எதை வாங்கினாலும் கூடவே ஒரு நீண்ட சாவி எண் வரும். அதைக் கணினியில் தட்டினால்தான் மென்பொருள் வாய் திறக்கும். ஒரு சாவி ஒரு கணினிக்கு மட்டும். தினமும் ஒரு முறையாவது அந்தக் கணினி கம்பெனியின் பெரிய கணினியைக் கூப்பிட்டு, 'நான் இன்னும் ஓடலாமா?' என்று கேட்டுக்கொள்ளும். 'ஓடலாம்' என்று பதில் போனால் பச்சை. வேறு கணினிக்கு மாற வேண்டுமென்றால் பழையதில் சாவியை முறையாக விலக்கிவிட்டுத்தான் புதியதில் போட வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் பார்த்துக்கொள்பவள் அவள். சாவியக்கா என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

சிவப்பு என்றால் திருட்டுச் சந்தேகம். கணினி கெட்டுப்போய்ப் புதிது வாங்குகிறவர்கள் திண்டாடக்கூடாது என்று இரண்டாவது கணினியிலும் சில நாள் சாவியை விட்டுவைப்பார்கள். அதற்குள் பழையது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் இரண்டும் மாறி மாறி 'ஓடலாமா, ஓடலாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தால், யாரோ ஒரே சாவியை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று வரி சிவந்துவிடும். சாவியக்கா ஒரு பொத்தானை அமுக்குவாள். இரண்டு இடத்திலும் மென்பொருள் நின்றுபோகும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு முன்பே எழுதிவைத்த மின்னஞ்சல் ஒன்று தானாகப் போகும். 'உங்கள் உரிமம் விலக்கப்பட்டுள்ளது. மீண்டும் பெற, கீழ்க்கண்ட எண்ணில் நீங்களே பேசி உறுதி செய்யவும்.' அவ்வளவுதான். ஆள் யார், என்ன தொழில், எதற்கு வாங்கினார் என்பதெல்லாம் அந்தத் திரையில் இருக்காது. தேடினால் இன்னொரு பக்கத்தில் கிடைக்கும். தேட யாருக்கு நேரம்?

அன்றைக்கும் கடகடவென்று அமுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒரு வரி. ஒரே சாவி, இரண்டு கணினி. ஒன்று காலையில் மட்டும் விழித்துக்கொள்கிறது. இன்னொன்று நாள் முழுக்க ஓடுகிறது. நல்ல ஆளுங்கப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

சாயங்காலம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகு போன் அடித்தது. எடுத்திருக்கவே வேண்டாம். ஆனால் மணியடித்தால் எடுத்துவிடுகிற நல்ல பழக்கம் அவளுக்கு உண்டு.

பேசியது ஒரு பெண். குரலில் அவசரம் இருந்தது, கோபம் இல்லை. அப்பாவின் கணினியில் லைசென்ஸ் இல்லை என்று வருகிறதாம். சாவி எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள் சாவியக்கா. மதியம் கடைசியாக அமுக்கிய அதே வரி.

"ஒரே கீயை ரெண்டு சிஸ்டத்துல போட்டிருக்கீங்கம்மா. அதான் நிறுத்தியிருக்கோம்."

வீட்டில் ஒரு பெரிய கணினி இருக்கிறது என்றும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் தன் மடிக்கணினியிலும் போட்டுக் கொண்டுவந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். பழையதில் விலக்க வேண்டும் என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

இந்த மாதிரி 'தெரியாது'களைச் சாவியக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். அலுத்துப்போன குரலில் விதியைச் சொன்னாள். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவரே லைன்ல வந்து பேசணும். பேரு, பிறந்த தேதி சொல்லி, 'நான்தான்'னு சொன்னா உடனே குடுத்துடலாம்."

பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளப் பேனாவையும் எடுத்தாள்.

"அவரால பேச முடியாதுங்க," என்றாள் அந்தப் பெண். "தொண்டையில ஆபரேஷன் பண்ணி குரலை எடுத்துட்டாங்க. அதுக்காகத்தானே உங்ககிட்ட இதை வாங்கினோம். அவரு தட்டினா அது பேசும்."

சாவியக்கா அப்போதுதான் திரையின் ஓரத்தில் இருந்த மென்பொருளின் பெயரைப் பார்த்தாள். கணக்கு மென்பொருளும் அல்ல, படம் போடுவதும் அல்ல. குரல் இல்லாதவர்களுக்காகக் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த பேசும் மென்பொருள். நடுங்கும் விரல் நாலு எழுத்தைச் சேர்த்துத் தட்டினாலும், எதைத் தட்ட நினைத்தது என்று ஊகித்துச் சொல்லாக்கி உரக்கப் படிக்கும். கம்பெனி அதற்காகப் பரிசெல்லாம் வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. ஆனால் உரிம விதிகளை யாரும் புதிதாக எழுதவில்லை. கடைக்காரர்களுக்கு எழுதியதையே இதற்கும் எடுத்து ஒட்டிவிட்டார்கள். பேச முடியாதவர்களுக்குச் சாமான் விற்றுவிட்டு, 'வந்து பேசு, தருகிறேன்' என்று சொல்கிற கூத்து அப்படி வந்ததுதான். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அவள் நெஞ்சு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. செய்யாமல் என்ன, அவளும் மனுஷிதானே. அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே 'தற்காலிக அனுமதி' என்று ஒரு பொத்தானும் இருந்தது. அமுக்கினால் மென்பொருள் அந்த நிமிடமே ஓடும். ஆனால் ஏன் அமுக்கினாய் என்று மேலாளர் கேட்பார். முன்பு ஒரு மளிகைக் கடைக்காரர் போனில் அழுதார் என்று இரக்கப்பட்டு அமுக்கப்போய், அந்த ஆள் ஒரே சாவியை வைத்துக்கொண்டு தன் கிளைகள் அத்தனையிலும் கணக்குப் போட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பொத்தான் பக்கம் அவள் கை போனதில்லை.

"அப்படின்னா அவரு கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் அனுப்புங்க. திங்கக்கிழமை பாத்து..."

"அவருக்குப் பேனா பிடிக்க வராதுங்க. கை நடுங்குது."

"புரியுதும்மா. ஆனா ரூல் அப்படி. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பண்ண முடியும். அது அவளுக்கும் தெரியும். 'நிலுவையில்' என்று குறித்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

வீட்டில் அவள் கணவர் கொஞ்சம் குசும்பு பிடித்த ஆசாமி. ஏதாவது கேட்டு அவள் காதில் வாங்காமல் போனால், "நம்ம வீட்டுலயும் புகார் எண் வாங்கினாத்தான் பதில் வருமா?" என்பார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து என்னவென்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள். விதியையும் விளக்கினாள், கடைக்காரர் கதையையும் நினைவுபடுத்தினாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சரி, அந்த மனுஷன் இப்போ எப்படிப் பேசுவாரு?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவரும் அதற்குமேல் நோண்டவில்லை. ஆனால் கேள்வி வீட்டைவிட்டுப் போகவில்லை. துணி காயப்போடும்போதும் கூடவே நின்றது, பாத்திரம் கழுவும்போதும் கூடவே நின்றது. சாவிகளைத் தொடும் திரை அலுவலகத்தில்தான் திறக்கும், வீட்டிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் சரியாகப் பேசாமல் சிடுசிடுவென்று இருந்தாள்.

திங்கட்கிழமை காவலாளி கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, தற்காலிக அனுமதியை அமுக்கினாள். காரணம் எழுதும் கட்டத்தில், 'வாடிக்கையாளரால் பேச இயலாது' என்று தட்டினாள். தட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை இதை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வரி மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கும் மடிக்கணினி ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டால் பச்சையாகிவிடும். அது கூப்பிடவில்லை. பெண்ணின் எண்ணுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். பக்கத்து மேசைக்காரர் காப்பியோடு வந்து, என்னக்கா, சிவப்பை விட்டுட்டு இன்னைக்கு மஞ்சளை முறைக்கிறீங்க என்று கிண்டல் செய்தார். அவள் திரும்பக்கூட இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். சாவியக்காவுக்கு மூச்சு வந்தது. அவளைப் பேசவிடாமல் இவளே முந்திக்கொண்டாள்.

"சரி பண்ணிட்டேங்க. லேப்டாப்பை ஆன் பண்ணா போதும். அப்பா பேசலாம்."

"அப்பா நேத்து காலையில தவறிட்டாருங்க."

சாவியக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. இது போன்ற நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லோருக்கும் தெரியும். ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. அழுது முடித்திருப்பாள். நடந்ததை, யாரிடமாவது சொன்னால் போதும் என்பதுபோலச் சொன்னாள். அப்பா லாரி ஓட்டியவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு நர்ஸ்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊசி லாரி டயருக்குப் போடுவதா, எனக்கா என்று அது கேட்கும்போது வார்டே சிரிக்குமாம். வெள்ளிக்கிழமை மதியம் திடீரென்று அது ஊமையாகிவிட்டது. கம்பெனியின் மின்னஞ்சல் அவருக்கேதான் வந்திருந்தது. 'நீங்களே பேசி உறுதி செய்யவும்' என்பதை அவரேதான் படித்திருக்கிறார். படித்துவிட்டுக் கட்டிலின் கம்பியைத் தட்டித் தட்டித் திரையை நர்ஸுக்குக் காட்டியிருக்கிறார். வலியில் படபடக்கிறார் என்று நினைத்து அந்த நர்ஸ் தூங்க மருந்து கொடுத்துவிட்டாள்.

வெறும் விசைப்பலகையில் தட்டிப் பார்த்தாராம். நடுங்கும் விரலுக்கு எழுத்தெல்லாம் குழம்பிப்போய், ஒரு வார்த்தைகூட உருப்படியாக வரவில்லை. மகள் தன் செல்போனில் ஏதேதோ போட்டுப் பார்த்தாள். அவர் விரலுக்கு அது நிற்கவில்லை. சனிக்கிழமை மூச்சு மோசமானது. ஏதோ சொல்ல வேண்டும் என்று மகளின் கையைப் பிடித்துக் கணினியைக் காட்டிக்கொண்டே இருந்தார். தண்ணியா, வலிக்குதா, அம்மாவைப் பார்க்கணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். அப்புறம் ஆட்டுவதையும் விட்டுவிட்டார்.

"என்ன சொல்ல வந்தாருன்னு தெரியலைங்க," என்றாள் அந்தப் பெண். "இனிமே தெரியப் போறதும் இல்ல."

சாவியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

பெண் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு இருந்தது. மடிக்கணினியிலிருந்து சாவியை எடுத்துவிடலாம், ஆனால் வீட்டுக் கணினியில் மட்டும் ஓடவிட முடியுமா என்று கேட்டாள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, படியிறங்கி ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அப்பா வீட்டுக் கணினியில் ஒரு விசைக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டி, 'எழுந்ததும் இதை அமுக்கு' என்று அதிலேயே தட்டிச் சொல்லிவைத்துவிட்டுப் போனார். அமுக்கினால், 'சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?' என்று கேட்கும். அம்மா தினமும் காலையில் கணினியைப் போட்டு, அதை அமுக்கிக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை போடுவார். காலையில் மட்டும் விழித்துக்கொண்ட இரண்டாவது கணினி அதுதான். சாவியக்கா 'நல்ல ஆளுங்கப்பா' என்று சொன்ன திருட்டும் அதுதான்.

"அம்மா அழுதுட்டே இருக்காங்க. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன், என்னாலதான் அங்க அவருக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாவியக்காவுக்கு விதிகள் அத்தனையும் மனப்பாடம். உரிமம் பெற்றவர் இறந்தால் சாவி அவரோடு முடிந்தது. வாடிக்கையாளரிடம் கம்பெனியின் தவறு என்று எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பேச்செல்லாம் பதிவாகிறது. கணினியின் கணக்குப்படி பார்த்தால் அந்த அம்மாள் விசையை அமுக்கியதால்தான் வரி சிவந்தது. அதுவும் உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகலாம்.

"அம்மாகிட்ட குடுங்க," என்றாள்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது. வயதான குரல், தயங்கித் தயங்கி வந்தது. திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். திட்டவில்லை. புரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அவரே பேசினா சரி பண்ணித் தருவேன்னு சொன்னீங்களாம். பேச முடிஞ்சா அவரு எதுக்கும்மா உங்ககிட்ட வரப்போறாரு?"

சாவியக்கா உடைந்து அழுதாள். அழுகையினூடே, பதிவாகிறது என்று தெரிந்தே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அம்மா, நீங்க எதையும் கெடுக்கல. நிறுத்தினது நான். உங்க பொண்ணு எடுத்துச் சொன்னப்புறமும், சரி பண்ண வழி இருந்தும், பண்ணாம வீட்டுக்குப் போனது நான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மன்னித்தேன் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

சாவியை அம்மாவின் பெயருக்கு மாற்றினாள். கணினியைப் போடச் சொன்னாள். மகள் போட்டாள். திரையில் வரி பச்சையாயிற்று. அந்த வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். விசை அமுங்கியது. போன் வழியாகச் சாவியக்காவின் காதிலும் விழுந்தது, ஏற்ற இறக்கமில்லாத அந்த யந்திரக் குரல்.

'சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?'

"இன்னும் இல்லைங்க," என்றார் அந்த அம்மாள். "போட்டுக்கறேன்."

அன்று சாயங்காலம் மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். பதிவைக் கேட்டிருந்தார். மோசமான மனிதர் அல்ல அவர், அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமை எல்லாம் விதிப்படிதானே செய்தாய், அப்புறம் எதற்கு உன் தலையில் நீயே பழியைப் போட்டுக்கொண்டாய் என்று கேட்டார். விதிப்படி செய்தேன் என்று ஒரு வரி எழுதிக்கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காகிதத்தையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

சாவியக்கா காகிதத்தைத் தொடவில்லை.

"எல்லாம் ரூல்படிதான் சார் செஞ்சேன். அதனாலதான் ஒருத்தரு சொல்ல வந்ததைச் சொல்லாமலே போயிட்டாரு. எதிர்ல இருக்கறது யாரு, அவங்களுக்கு என்ன கஷ்டம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. ரூலு நம்ம வேலைக்குத் துணை சார். மனுஷங்க சொல்றதைக் கேக்காம இருக்கறதுக்கு அது சாக்கு இல்ல."

மேலாளர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேசும் மென்பொருளுக்கு 'அவரே பேச வேண்டும்' என்ற விதி அந்த வாரமே எடுக்கப்பட்டது. சாவியக்காவின் மேசையில் இப்போது சிவப்பு வரிசை சாயங்காலம் வரைக்கும் கிடக்கிறது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறாள். சோம்பேறியாகிட்டீங்கக்கா என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்வதில்லை. காலையில் வந்ததும் அவள் முதலில் ஒரு வரியைத் தேடிப் பார்ப்பாள் என்பது அவருக்கும் தெரியும். முழங்கால் போன ஒரு கிழவியின் கணினி, 'நான் இன்னும் ஓடலாமா?' என்று கேட்டிருக்கும். பச்சையைப் பார்த்த பிறகுதான் அவள் தன் வேலையைத் தொடங்குவாள்.